மேல் ஸட்ஜம் இல்லாத கச்சேரி

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. ஹாலுக்குக் குறுக்கே கொடி. இவருடைய பனியன்களுக்கு நடுவே தலையை நீட்டித்தான் டிவி பார்க்க முடிகிறது.

காலனி சங்க செக்ரட்டரி போன். குரலில் சர்க்கரை. அப்போதே தெரிந்துவிட்டது, வில்லங்கம்.

சங்கத்து மாத இதழில் கச்சேரி விமரிசனம் எழுதுகிறவள் நான். பதினோரு வருஷமாக. நகைச்சுவைத் துணுக்கு எழுதிக்கொண்டிருந்தவளை, ஆள் இல்லை என்று இதற்கும் பிடித்துப் போட்டார்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது. அது எனக்கும் இவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். போன மாதம் வரை.

போன இதழில் நான் எழுதியது: "விருத்தத்தில் சங்கதிகள் அருவியாகக் கொட்டின."

முன்வரிசை சேதுராமன் மாமா பச்சை மசியில், சாய்ந்த எழுத்தில் கடிதம் போட்டிருக்கிறார். (மாடுங்கா. ரிடையர்ட். கச்சேரியில் மடியில் போன். போனில் சுருதி பார்க்கிற ஆப். பாடுகிறவர் நூல் பிசகினாலும் பக்கத்து சீட்டுக்குக் காட்டுவார்.) நகல் கமிட்டி மெம்பர் எல்லோருக்கும், எனக்கும். "சங்கதி என்பது ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்ப்பது. விருத்தத்தில் அப்படித் திரும்ப வரும் வரி ஏது? அந்த அருவி எங்கே இருக்கிறது என்று விமரிசகர் அம்மாள் சொன்னால் நானும் போய்க் குளித்துவிட்டு வருவேன்."

நன்றாக எழுதுகிறார், கிழம். பொறாமை.

என் கையிருப்பு வார்த்தைகள், உள்ளபடி:
அருவி. தேன். மயிலிறகு. ராகத்தின் முழு உருவம். கமகங்கள் கொஞ்சின. சபை கட்டுண்டது (அன்று சபை பதினேழு பேர். அதில் இருவர் வயலின்காரரின் வீட்டு மனிதர்கள்).

கலைத்துப் போட்டால் ஒரு விமரிசனம். இது வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றால் தப்பு என் மேல் மட்டுமா?

செக்ரட்டரி (இனி செக்.) கொடுத்த தண்டனை: 20-ம் தேதி ஆண்டு விழா. கச்சேரிக்கு முன்னால் பத்து நிமிஷம் நான் பேச வேண்டும். பாட்டு எப்படி ஏறுகிறது, இறங்குகிறது, வளைகிறது என்று சொல்கிற வார்த்தைகளை எல்லோருக்கும் புரிகிற மாதிரி.

"பசங்களுக்கு வார்த்தையே தெரியலே. பெரியவாளுக்கு வார்த்தை தெரியும், அர்த்தம் தெரியலே. நீங்க ரெண்டுக்கும் நடுவுல இருக்கேள் பாருங்கோ."

இது பாராட்டு இல்லை என்று புரிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் ஒத்துக்கொண்டிருந்தேன்.

அன்று பாடப் போவது என் நாத்தனார் ஜெயா.

இவர்: "ஜெயாகிட்டயே போய்க் கேட்டுக்கோயேன்."
"உங்க தங்கைகிட்டயா? இருபத்தாறு வருஷம் அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிண்டிருந்துட்டா?"
"சமையல்னா சொன்னே. பாட்டுன்னு சொல்லலியே."

வாங்க: உப்பு, கொடிக்குக் கிளிப், பெரிய எழுத்தில் சங்கீத அரிச்சுவடி ஏதாவது.

ஜூலை 5, சனி

டோம்பிவிலி, ஜெயா வீடு. செம்பூரிலிருந்து மும்பை லோக்கலில் போக ஒன்றே முக்கால் மணி. லேடீஸ் டப்பாவில் கோவைக்காய் நறுக்கிக்கொண்டே ஒருத்தி இன்னொருத்தியிடம், "பஹு அச்சீ ஹை, லேகின் போல்தீ பஹுத் ஹை." எல்லா வீட்டிலும் மருமகள் நல்லவள்தான். பேசாமல் இருந்தால்.

ஜெ. வீடு மூன்றாவது மாடி. வாசலில் பதினாலு ஜோடிச் சின்னச் செருப்பு. சனிக்கிழமை வகுப்பு. முடிகிற வரை சமையலறையில் உட்கார்ந்தேன். சாம்பாரில் புளி தூக்கல். சொல்லவில்லை. கேட்க வந்தவள் அல்லவா.

வகுப்பு முடிந்து: "என்ன மன்னி, அதிசயமா?"

சொன்னேன். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, மரியாதையாகவே, சொல்லிக் கொடுத்தாள். அவள் நல்ல வாத்தியார். இதை வேறு யாரிடமும் சொல்வதாக இல்லை.

நோட்டில் எழுதியது:

ஆரோகணம், ஏறுவது. அவரோகணம், இறங்குவது. (இது தெரியும். தெரியாத மாதிரி வைத்துக்கொண்டேன், மற்றதும் தெரியாதது பளிச்சென்று தெரியாமலிருக்க.)

அடுத்தடுத்த ஸ்வரமாகப் போனால் படிப்படி. நடுவில் விட்டுவிட்டுத் தாண்டினால் தாட்டு.

வக்ரம். நேராக ஏறாமல் ஒரு அடி பின்னால் வந்து மறுபடி போவது. சஹானா ராகத்தில் ப வந்ததும் த-வுக்குப் போகாமல் ம-வுக்குத் திரும்பி, அப்புறம்தான் த.

கமகம். ஸ்வரத்தைக் கம்பு நட்ட மாதிரி நிறுத்தாமல் அசைப்பது.

ஸ்தாயி. கீழே மந்தரம், நடுவில் மத்தியம், மேலே தாரம். ஒரு பாட்டு எங்கிருந்து எங்கே வரை போகிறது என்பது.

"மேலே போய்க் காட்டேன்" என்றேன்.

சாம்பாரைப் பார்க்கப் போனாள். சாம்பார் இறக்கி ஒரு மணி நேரம் ஆகிறது.

பின்னாலேயே போனேன். நாத்தனாரை விடுவதாவது.

அப்புறம் சொன்னாள். போன வருஷம் தைராய்டு ஆபரேஷன். எல்லோருக்கும் தெரியும், நான்தான் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்தேன். "குரல் சரியாயிடுத்து" என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். பேச்சு சரியாயிற்று. பாட்டில் மேல் ஸட்ஜத்துக்கு (தார ஸ்தாயியின் முதல் ஸ) மேலே எதுவும் இல்லை. மேல் ஸட்ஜமே சில நாள் வரும், சில நாள் காற்று. ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடினவள். நாலு கட்டைக்கு இறக்கியும் அப்படித்தான்.

"டாக்டர் என்ன சொன்னார்?"
"பேசறதுக்கு ஒண்ணும் குறையில்லையேம்மான்னார்."

அண்ணாவிடம் சொல்லக் கூடாதாம். 20-ம் தேதி பாடுவது, எப்படியாவது. அன்று மேடையில் கவிழ்ந்தால் அதோடு கச்சேரி கிடையாது, வகுப்பு மட்டும். அவளே முடிவு பண்ணி வைத்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது குரலில் கமகம் எதுவும் இல்லை. கம்பு.

திரும்பி வரும்போது ரயிலில் யாருடைய மருமகள் பேச்சும் காதில் ஏறவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஆபீஸ். லிஃப்ட் ரிப்பேர். மத்தியானம் வெண்டைக்காய்.

இவரிடம் சொல்லவில்லை. மூன்று நாள்! எனக்கே ஆச்சரியம். நாக்கு அரிக்கிறது.

பேச்சுக்கு உதாரணம் பிடித்துவிட்டேன், ரயிலில் நின்றுகொண்டே. ஸ்லோ லோக்கல் = படிப்படி. ஃபாஸ்ட் = தாட்டு, காட்கோபரை விட்டால் தாணேதான். வக்ரம் = செம்பூரிலிருந்து டோம்பிவிலி! வடக்கே போக வேண்டியவள் முதலில் பின்னால் குர்லாவுக்கு வந்து, வண்டி மாறி, அப்புறம்தான் வடக்கே. ப ம த. எந்த மியூசிக் காலேஜிலும் இது இல்லை.

சங்கதிக்கு உதாரணம் வீட்டிலேயே. சாயங்காலம் இவர்:
"சாவி எங்க?"
"சாவி எங்க வெச்சே?"
"சாவியை எங்கதான் வெச்சே?"
"இந்தாத்துல சாவின்னு ஒண்ணை எங்கதான் வெப்பா மனுஷா?"

ஒரே வரி. அடி மாறவில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று கூட. எழுதிக்கொண்டேன். சாவி இவர் பாக்கெட்டில்.

ஜெ.வுக்கு போனில் சொன்னேன். "மன்னி, இதை நான் வகுப்புல சொல்லிக்கலாமா?" என்றாள். சொல்லிக்கோ, பேர் போட்டுச் சொல்லு என்றேன்.

ஜூலை 12, சனி

மறுபடி டோம்பிவிலி. காலை ஏழு மணிக்கு ஜெ. போன்: "செக்ரட்டரிகிட்ட முடியாதுன்னு சொல்லப் போறேன். ஜுரம்னு நீங்களும் சொல்லுங்கோ."

உடனே கிளம்பிப் போனேன். நேற்று வயலின் வாசிக்கிற பெண்ணோடு ஒத்திகையாம். பல்லவி முடிந்து அனுபல்லவியில் மேலே போனபோது குரல் இரண்டாகப் பிளந்ததாம். அந்தப் பெண் காதில் விழாத மாதிரி, மரியாதையாக வில்லுக்கு ரோஸின் கட்டியைத் தடவ ஆரம்பித்தாளாம். அந்த மரியாதைதான் தாங்கவில்லை என்கிறாள்.

"ஜுரம் சொல்ல மாட்டேன். பொய் சொல்றதுன்னா பெரிசா சொல்லுவேன்."
"மன்னி, விளையாடாதீங்கோ."

அவள் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். பிடுங்கப் பார்த்தாள். விடவில்லை. ஒரு பக்கத்தில், அவள் கையெழுத்தில்: "நிஷாதாந்த்யம்."

இது என்ன வியாதி என்று கேட்டேன்.

வியாதி இல்லை. சில ராகம் நி-யோடு நின்றுவிடும். மேல் ஸட்ஜத்தைத் தொடவே தொடாது. அதன் இலக்கணமே அது. புன்னாகவராளி, நாதநாமக்ரியா.

எனக்கு உடம்பெல்லாம் குறும்பு ஏறிற்று. "அப்போ மொத்தக் கச்சேரியும் இதுலயே பாடு! மேலே போகாதது உன் குறை இல்லே, சட்டம்!"

"ரெண்டரை மணி நேரம் புன்னாகவராளியா? அது மகுடி ராகம், ஹால்ல பாம்புதான் வரும்."

ஆனால் சிரித்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் என் பேச்சுக்குச் சிரித்தது இந்த மாதம்தான்.

பாய் விரித்து உட்கார்ந்து லிஸ்ட் போட்டோம். புன்னாகவராளி ஒன்று. வழக்கமாக இதற்குச் சுருதியைத் தூக்கி வைப்பார்களாம். ஜெ. தூக்கப் போவதில்லை. நடுவில் பெரிதாக சஹானா, அதன் உயிரே நடு ஸ்தாயியில்தானாம். மந்தரத்தில் நிறைய. அங்கே அவள் குரல் இப்போது முன்னைவிட அடர்த்தி. பாடிக் காட்டினாள். கீழே, கீழே, பஞ்சமம் வரை. கோவைக்காய்க் கூடையோடு மாடிப்படி ஏறிய பக்கத்து வீட்டு மராட்டிக்காரி வாசலில் நின்றுவிட்டாள்.

ஜெ. செக்.குக்கு போன் பண்ணவில்லை.

கிளம்பும்போது: "மன்னி, மேடையில என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லாதீங்கோ. முக்கியமா, பொய்."
சத்தியம் பண்ணினேன். தலையில் அடித்து அல்ல, வாயால்.

ஜூலை 16, புதன்

மழை விட்டது. பனியன்கள் பால்கனிக்கு.

பேச்சு எழுதியாச்சு. இவருக்குப் படித்துக் காட்டினேன். ரயிலுக்குச் சிரித்தார். சாவிக்குச் சிரிக்கவில்லை.

"ஏன் அடிக்கடி 'மேலே போறது மட்டும் சங்கீதம் இல்லை'ன்னு வரது?"
"அழுத்தத்துக்கு."
"நாலு இடத்துல வரதே."
"சங்கதி."

புரிந்துகொள்ளாத மனிதர். எடுக்கவில்லை. ஜெ. பற்றி ஒரு வார்த்தை இல்லை, பொய்யும் இல்லை. சும்மா சபையைக் கொஞ்சம் தயார் பண்ணுகிறேன். அவ்வளவுதான்.

பிளவுஸ் தைக்கக் கொடுத்தது வந்தது. கை இறுக்கம். மைக் பிடிக்கிற கை தளர்வாக இருந்தால் போதும்.

ஜூலை 20, ஞாயிறு

நடந்தது நடந்தபடி. இப்போதே எழுதாவிட்டால் நாளைக்கு என் பக்கம் நியாயம் சேர்ந்துவிடும்.

சாயங்காலம் ஐந்தரை. ஹால் நிரம்பிவிட்டது. (கேட்டரிங் போர்டில் போண்டா என்று எழுதியிருந்தது.) சேதுராமன் மாமா முன்வரிசை நடு சீட், மடியில் போன்.

என் பேச்சு பிரமாதம். சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஸ்லோ, ஃபாஸ்ட்டுக்குச் சிரிப்பு. குர்லாவுக்குக் கைதட்டல். பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை, "ஆண்ட்டி, மத்லப், அப்படின்னா ரிவர்ஸ் கியர்?" ஆமாம் கண்ணே, அதுதான் வக்ரம். சாவிக்கு ஹாலில் இருந்த மனைவிகள் அத்தனை பேரும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்கள். இவர் மேல்கூரையைப் பார்த்தார்.

அந்த ஜோரில் நாலு இடம் ஆறு இடம் ஆகிவிட்டது. "மேலே போறது மட்டும் சங்கீதம் இல்லை. கீழேயும் இருக்கு சங்கீதம். மேலே மேலே என்று ஏன் அலையணும்?" ஏதோ தேர்தல் கூட்டம் மாதிரி.

கச்சேரி தொடங்கிற்று. நான் பக்கவாட்டில், திரை ஓரம். நன்றாகப் போயிற்று. சஹானாவில் அந்தப் ப ம த வந்தபோது நிஜமாகவே கேட்டது எனக்கு. குர்லா! பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஸ்வரம் எங்கே திரும்புகிறது என்று காதுக்குத் தெரிந்தது. எழுந்து நின்று "மாறிட்டா, வண்டி மாறிட்டா" என்று கத்த இருந்தேன்.

சஹானா முடிந்ததும் முன்வரிசையிலிருந்து சீட்டு. விருப்பப் பாட்டு. செக். வாங்கி மேடையில் கொடுத்தார். வழியில் நான் எட்டிப் பார்த்தேன். அதே பச்சை மசி, சாய்ந்த எழுத்து: கல்யாணியில் ஒரு கீர்த்தனை. அனுபல்லவி முழுக்க மேல் ஸ்தாயியிலேயே நிற்கிறது என்று லிஸ்ட் போடும்போது ஜெ. முதலில் அடித்தது அது.

முன்வரிசையில் சே. மாமா பக்கத்து சீட்டிடம், தனக்குக் காது மந்தம் என்பதால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "மேலே போறதுக்கு எதிரா அந்தப் பொம்மனாட்டி இத்தனை வாதாடறாளே, பாடறவளுக்கு மேலே ஒண்ணும் இல்லையோன்னு பார்க்கலாம்."

நான். நான்தான் காட்டிக்கொடுத்தது. எனக்குப் பதில் செக். பேசியிருந்தால் இது நடந்திருக்காது.

ஜெ. சீட்டைப் படித்தாள். மடித்தாள். நான் திரைக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினேன், வேண்டாம், வேண்டாம், நேரமில்லை என்று சொல்லு. பார்த்தாள். மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"கல்யாணி கேட்டிருக்கா. பாடறேன். போன வருஷம் எனக்குக் கழுத்துல ஆபரேஷன். அதுக்கப்புறம் மேல் ஸ்தாயி கிடையாது. அனுபல்லவியில மேலே வயலின் போகும், நான் அதே வரியை ஒரு ஸ்தாயி கீழே பாடறேன். மெட்டு ஒண்ணுதான்."

இவ்வளவுதான் சொன்னாள். பால்காரனிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்கிற குரலில்.

இவர் முகம் போன போக்கு. (அண்ணாவுக்கு இப்படித்தான் தெரிய வேண்டுமா.)

பல்லவி நடு ஸ்தாயியிலேயே இருந்தது. அனுபல்லவி. வயலின் பெண் இந்தத் தடவை ரோஸினைத் தொடவில்லை. மேலே ஏறினாள். ஜெ. கீழே. அதே ஏற்றம், அதே வளைவு, ஒரு மாடி கீழே. வரியை ஏழு தடவை பாடினாள். ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று கூடிக்கொண்டே போயிற்று. ஐந்தாவதில் வயலின் மேல் ஸட்ஜத்தில் நிற்க, இவள் கீழ் ஸட்ஜத்தில் நிற்க, நடுவில் ஒன்றுமே இல்லாத இடம் முழுக்க நிரம்பிவிட்டது. நான் அழவில்லை. மூக்கு அடைத்துக்கொண்டது, மழைக் காலம்.

ஆறாவதில் ஒரு இடம் இலேசாகத் தளும்பிற்று. ஜெ. நிறுத்தவில்லை.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் சே. மாமா ஜெ.விடம் வந்தார். போன் கையிலேயே.

"சீட்டு நான்தான் அனுப்பினேன்."
"தெரியும் மாமா. பச்சை மசி."
"ஆறாவது சங்கதியில சுருதி ஒரு நூல் இறங்கித்து."
"எனக்கும் கேட்டுது மாமா."
"புன்னாகவராளிக்குச் சுருதியைத் தூக்கலே."
"தூக்கினா முடியாது மாமா."
"ம்." போனைச் சட்டைப் பையில் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். "மத்ததெல்லாம் இருந்தது."

இருந்தது! அவர் அகராதியில் அதற்கு மேல் வார்த்தை கிடையாது. என் பக்கம் திரும்பி, "நீங்களும் பரவாயில்லே. ஆனா அஞ்சு நிமிஷம் போறும்" என்றார்.

தங்கையின் தம்பூராவை இவரே தூக்கிக்கொண்டு டாக்சி வரை வந்தார். வழியில் இரண்டு தடவை கதவில் இடித்தார். ஜெ. இரண்டு தடவையும் "அண்ணா!" என்று கத்தினாள். அதுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம்: "உனக்குத் தெரியுமா?"
"பதினஞ்சு நாளா."
"நீயா? பதினஞ்சு நாளா? வாயைத் திறக்காம?"
என்னையே பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை.

ஜெ.விடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. பழக்கமில்லை.

ஜூலை 21, திங்கள்

மறுபடி மழை. ரயில் பதினெட்டு நிமிஷம் லேட். ஆபீசில் எல்லோரும் லேட், அதனால் யாரும் லேட் இல்லை.

விமரிசனம் எழுத உட்கார்ந்தேன். சஹானாவில் எங்கே திரும்பினாள், கல்யாணியில் எந்தச் சங்கதியில் தளும்பிற்று, எல்லாம் எழுதினேன். நாத்தனாரைப் பற்றி நல்லதாக ஒரு முழுப் பக்கம். கை வலித்தது.

ஜெ. போன். மூச்சு வாங்க, டோம்பிவிலி பிளாட்பாரத்திலிருந்து. தாணே சங்கத்துக்காரர் ஒருவர் நேற்றுக் கச்சேரிக்கு வந்திருந்தாராம். அடுத்த மாதம் அங்கே பாடக் கேட்டிருக்கிறார். ஒத்துக்கொண்டாளாம்.

"நோட்டீஸ்ல என் பேருக்குக் கீழே, சுருதி நாலு கட்டைன்னு போடச் சொல்லிட்டேன் மன்னி."
"அதெல்லாம் யாராவது நோட்டீஸ்ல போடுவாளா?"
"போடட்டுமே. சீட்டு அனுப்பறவா பார்த்துண்டு அனுப்பட்டும்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வந்தது வேறு: "அங்கேயும் கச்சேரிக்கு முன்னால பேச யாராவது வேணுமாமா?"

"கேட்டார் மன்னி. நானே பேசிக்கறேன்னு சொல்லிட்டேன்."